55 வயதுக்கு மேல்: பழைய வீட்டைப் புதுப்பிப்பதா, வேறு வீடு போவதா?

மடிப்பாக்கம், நங்கநல்லூர், கொளத்தூர், அம்பத்தூர், குரோம்பேட்டை என்று சென்னையைச் சுற்றி 1985-இலிருந்து 2000 வரை எழுந்த தனி வீடுகள் ஏராளம். அரை கிரவுண்டோ ஒரு கிரவுண்டோ (ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி) மனை, கீழே ஒரு வீடு, மேலே வாடகைக்கு ஒரு போர்ஷன். அன்று முப்பது வயதில் கட்டியவர்களுக்கு இன்று அறுபது நெருங்குகிறது, பலருக்குத் தாண்டியும்விட்டது. பிள்ளைகள் வேறு ஊரில். தளத்தில் அங்கங்கே சிமென்ட் பெயர்கிறது, மழை வந்தால் தெருத் தண்ணீர் கேட்டைத் தாண்டுகிறது. இடித்துப் பிடித்துச் சரிசெய்வதா, விற்றுவிட்டு ஃப்ளாட்டுக்குப் போவதா?

பெரும்பாலோர் நேராகப் பணக் கணக்கில் இறங்கிவிடுகிறார்கள். அது இரண்டாவது வேலை. கட்டடத்தின் கம்பி எப்படி இருக்கிறது, வீடு சாலைக்கு எவ்வளவு கீழே இருக்கிறது, 75 வயதில் நடக்கத் தடுமாறும் ஒருவர் வாசலிலிருந்து குளியலறை வரை போய்வர முடியுமா: இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்த பிறகு போடும் கணக்குதான் கணக்கு. முன்கூட்டிப் போட்டால் 12 லட்சம் என்று தொடங்கிய வேலை 25 லட்சத்தில் நிற்கும்.

கம்பியைப் பாருங்கள்

இரும்பு துருவாக மாறும்போது இரண்டு முதல் ஆறு மடங்கு வரை பருமன் கூடுகிறது. அந்த அழுத்தம்தான் தளத்தின் அடிப்பக்கத்தைத் தள்ளி விழவைக்கிறது. தளத்துக்குக் கம்பிக்கடியில் குறைந்தது 20 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடல் இருக்க வேண்டும். இந்த இடைவெளிக்காகக் கம்பிக்கடியில் வைக்கும் கவர் பிளாக் வைக்காமல் ஜல்லித் துண்டை வைத்துக் கம்பியைத் தூக்கிக் கட்டிய அந்தக் கால வீடுகளில் பல இடங்களில் அதில் பாதிகூட இருப்பதில்லை. கடலோரப் பகுதியில் உப்புப் போர் தண்ணீரில் கலவை போட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

முதலில் பார்க்க வேண்டியவை: மாடிக் குளியலறைக்குக் கீழே உள்ள தளம், ஓவர்ஹெட் டேங்குக்கு அடியில், சன்ஷேடுகள், பால்கனி. சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடம் கணீரென்று கேட்கும், கம்பியை விட்டுப் பிரிந்த இடம் பொக்கென்று கேட்கும். நேர்க்கோட்டில் ஓடும் விரிசல் என்றால் கம்பியின் வழியே ஓடுகிறது என்று பொருள். பால்கனியிலும் சன்ஷேடிலும் பாரம் தாங்கும் கம்பி மேல்பக்கம் இருக்கும். அடியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. அறிகுறி காட்டாமல் விழுவது பெரும்பாலும் இவைதான்.

அடுத்ததாக ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை அழைத்துச் சோதனை செய்யச் சொல்லுங்கள். புதிதாகக் கொத்திய இடத்தில் ஃபினால்ஃப்தலீன் என்ற நிறங்காட்டித் திரவத்தைத் தெளித்தால் கான்கிரீட் இளஞ்சிவப்பாக மாற வேண்டும். கம்பி வரை நிறம் மாறவில்லை என்றால் கம்பிக்கு இருந்த பாதுகாப்புப் போய்விட்டது. கம்பியின் மின்னழுத்தத்தை அளக்கும் ஹாஃப் செல் சோதனையில் மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்குக் கீழே போனால் உள்ளே துரு ஓடிக்கொண்டிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. வீட்டின் மதிப்போடு ஒப்பிட்டால் இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு மிகச் சிறியது. இதைச் செய்யாமல் மாடுலர் கிச்சனுக்கு அட்வான்ஸ் கொடுப்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

பழுது அங்கங்கே சில அடிகளில் என்றால் சரிசெய்யலாம். பொக்கான கான்கிரீட்டை முழுக்கக் கொத்தி, கம்பியின் பின்பக்கமும் விரல் நுழையும் அளவுக்கு வெளியே தெரியவேண்டும். பிரஷ் போட்டுத் துரு நீக்கி, கம்பியின் கனம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தேய்ந்திருந்தால் புதுக் கம்பி சேர்த்துக் கட்டி, துரு தடுப்புப் பூச்சு அடித்து, ஒட்டுப் பூச்சின் மேல் பாலிமர் கலந்த கலவையை 10–15 மில்லிமீட்டர் அடுக்குகளாக ஏற்ற வேண்டும். மேஸ்திரி வழக்கமாகச் செய்வது வேறு: விழுந்த இடத்தில் சிமென்ட் பாலை அடித்து வெறும் பூச்சுப் பூசிவிடுவார். பின்பக்கத் துரு அப்படியே இருப்பதால் சில மழைக்காலங்களில் அது மறுபடி விழும். கான்கிரீட்டில் உப்பு ஏறியிருந்தால், நன்றாகச் செய்த ஒட்டுக்குப் பக்கத்திலேயே புதுத் துரு தொடங்கும். ஆகவே தளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பொக்காக இருந்து, உப்பும் இருக்கிறது என்று சோதனை சொன்னால், ஒட்டுப்போடும் யோசனையைக் கைவிடுவதே சரி. இடித்துக் கட்டுவது அல்லது விற்பது, அந்த இரண்டில் ஒன்றுதான்.

மொட்டைமாடியிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒழுகும் வெதரிங் கோர்ஸை (தளத்தின் மேல் உள்ள வெயில், மழைத் தடுப்பு அடுக்கை) எடுக்காமல் அதன்மேலேயே இன்னொரு அடுக்கு செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு, தட்டோடு என்று ஏற்றுவார்கள். ஓர் அங்குல கனத்துக்குச் சதுர மீட்டரில் ஏறக்குறைய 45–50 கிலோ ஏறுகிறது. நாம் நடமாடும் மொட்டைமாடிக்கு வடிவமைப்பில் வைக்கும் கூடுதல் பாரமே சதுர மீட்டருக்கு 150 கிலோதான். மூன்று அங்குலம் ஏற்றினால் அந்த இடைவெளி முழுவதும் தீர்ந்தது. பழையதை எடுத்துவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும்.

சாலை மட்டமும் படியும் ஒன்றுக்கொன்று எதிரி

பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போட்டதில் பல தெருக்களில் வீடுகள் பள்ளத்தில் போய்விட்டன. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் எங்கே தண்ணீர் நின்றது என்பது தெருக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். தண்ணீர் கேட் வழியாக மட்டும் வருவதில்லை. சாலை உயர்ந்தால் கழிவுநீர்க் குழாயின் சாய்வும் கெடுகிறது, மேன்ஹோல் நிரம்பும்போது கழிவறை வழியே திரும்பி வருகிறது. இதற்கு ஒருவழி வால்வு போடலாம். சம்ப் மூடியை ஓர் அடி உயர்த்தலாம். கணுக்கால் அளவுத் தண்ணீருக்கு இவை போதும்.

அதற்கு மேல் என்றால் இரண்டு வழி. ஒன்று, உள்ளே மண் கொட்டித் தரையை உயர்த்துவது. ஒன்றரை அடி ஏற்றினால் 10 அடி உயர அறை எட்டரை அடியாகும். 7 அடிக் கதவு ஐந்தரை அடியாகும். ஒவ்வொரு நிலையையும் லிண்டலையும் தூக்கி வைக்க வேண்டும், ஜன்னல் தரையை ஒட்டி வந்துவிடும், சுவிட்ச் பலகை முழங்கால் உயரத்துக்கு இறங்கிவிடும். முக்கால் அடிக்கு மேல் இதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

இன்னொன்று, நூற்றுக்கும் மேற்பட்ட ஜாக்கிகளை வைத்து வீட்டையே தூக்குவது. தமிழ்நாட்டில் இதை அனுபவத்தோடு செய்பவர்கள் இருக்கிறார்கள். கம்பி நல்ல நிலையில் இருக்கும் வீட்டுக்கு இது நடைமுறையில் சாத்தியமான வேலை. ஆனால் தூக்கிய பிறகு வாசல் என்ன ஆகும்? சக்கர நாற்காலிச் சாய்தளத்துக்கு 1:12 சாய்வு வேண்டும். பேஸ்மட்டம் இரண்டரை அடி என்றாலே 30 அடி நீளச் சாய்தளம். வீட்டை உயர்த்தி பேஸ்மட்டம் நான்கு அடி ஆனால் 48 அடி. வீட்டு முன் 10 அடி இடம்தான் இருக்கும். மடித்து மடித்துக் கட்டினாலும் திரும்பும் இடங்களுக்கு ஐந்தடிச் சதுர மேடை வேண்டும். வெள்ளத்துக்குச் செய்யும் வைத்தியம் முழங்காலுக்கு நோயாகிறது.

இந்த ஆலோசனையில் எங்களுக்கு உறுதியான கருத்து உண்டு என்றால் அது இதுதான்: வீடு சாலைக்கு இரண்டடிக்கு மேல் கீழே இருந்து, அந்தத் தெருவில் இடுப்பளவுத் தண்ணீர் நின்றிருந்தால், 55–60 வயதில் அந்த வீட்டின் உள்ளே பெரிய பணம் போடக் கூடாது.

75 வயது உடம்புக்குச் செய்யுங்கள்

புதுப்பிக்கும்போது இன்றைய உடம்பை மனதில் வைத்துச் செய்தால் பத்து ஆண்டு கழித்து மறுபடி டைல்ஸை உடைக்க நேரும். பழைய வீட்டில் மிகவும் தடை செய்வது குளியலறைக் கதவு. இரண்டரை அடி நிலைக்குள் சட்டமும் கதவும் போக உண்மையில் கிடைப்பது 65 சென்டிமீட்டர் அளவுதான். பல சக்கர நாற்காலிகளின் அகலமே அவ்வளவு. 80 சென்டிமீட்டராவது இடைவெளி கிடைக்க வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்கவோ பக்கவாட்டில் நகரவோ வேண்டும். உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை யாராலும் திறக்க முடியாது.

நிலையை அகலப்படுத்துமுன் அது ஒன்பது அங்குலச் சுவரா, நாலரை அங்குலச் சுவரா என்று பாருங்கள். தூண் இல்லாத பழைய வீடுகளில் ஒன்பது அங்குலச் சுவர்தான் தளத்தையே தாங்குகிறது. முதலில் முட்டுக் கொடுத்து, புது லிண்டல் போட்டு, அதற்குப் பிறகே உடைக்க வேண்டும்.

கைப்பிடிக் கம்பிகள் ஓர் ஆள் முழு எடையோடு சாய்ந்தாலும் தாங்க வேண்டும். 110 கிலோவாவது தாங்கும்படி பொருத்தச் சொல்லுங்கள். ஒன்றரை அங்குல ஸ்க்ரூவும் பிளாஸ்டிக் பிளக்கும் போட்டால் டைல், அதன் கலவை, பூச்சு என்று மேல் அடுக்கிலேயே நின்றுவிடும், செங்கல்லைத் தொடாது. துணி மாட்ட அது போதும். ஒருவர் தடுமாறிப் பிடிக்கும் நாளில் டைலோடு பெயர்ந்து வரும். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே இடத்தைக் குறித்து, செங்கல்லுக்குள் கெமிக்கல் ஆங்கர் (ரசாயனப் பசையால் இறுகும் போல்ட்) போட்டு நிறுத்த வேண்டும். கம்பிக்கும் சுவருக்கும் 4 சென்டிமீட்டர் இடைவெளி போதும். அதிகம் விட்டால் கை உள்ளே நழுவிச் சிக்கும். கழிவறைக் கோப்பையின் இருக்கை 45 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது.

குழாய், வாட்டர்ப்ரூஃபிங், 48 மணி நேரம் தண்ணீர் கட்டிச் சோதனை, பிறகு டைல்ஸ்: இந்த வரிசையை எவர் அவசரப்படுத்தினாலும் மாற்றாதீர்கள். கீழே உள்ள தளத்தின் கம்பிக்கு முதல் எதிரி மாடிக் குளியலறைக் கசிவு.

சுவரை உடைக்கும்போதே ஒயரிங்கையும் குழாயையும் முடித்துவிடுவது லாபம். உள்ளே துருவேறிய பழைய ஜிஐ இரும்புக் குழாய்க்குப் பதில் சிபிவிசி பிளாஸ்டிக் குழாய். ஏசிக்கும் ஹீட்டருக்கும் 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் தனித்தனியாக. வீடு முழுக்க எர்த். மின்கசிவு வந்தால் மின்சாரத்தை நிறுத்தும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி. மாடியில் குடியிருப்பவர்கள் கீழ்த்தளத்துக்கு இறங்கி, மாடியை வாடகைக்கு விடுவது ஹோம் லிஃப்ட் போடுவதைவிட மலிவு. லிஃப்ட்தான் வேண்டும் என்றால் அதற்கு உரிமமும் ஆண்டுதோறும் பராமரிப்பும் உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்கு

1994-இல் கட்டிய வீடு 1.5 கோடிக்கு விலைபோகிறது, 1.2 கோடிக்கு ஒரு பழைய ஃப்ளாட் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முத்திரைத்தாள் 7%, பதிவுக் கட்டணம் 2%, ஆக 10.8 லட்சம். விற்கவும் வாங்கவும் புரோக்கருக்கு 1% என்றால் 2.7 லட்சம். ஃப்ளாட்டில் வார்ட்ரோப், கிரில், குளியலறை மாற்றம் என்று எப்படியும் 5–6 லட்சம். ஏறக்குறைய 19 லட்சம் இடம் மாறுவதிலேயே போகிறது. கம்பி நல்ல நிலையில் உள்ள 1,200 சதுர அடி வீட்டில் மேலே சொன்ன குளியலறை, ஒயரிங், குழாய், மொட்டைமாடி வேலைகளைப் பெரும்பாலும் இந்தத் தொகைக்குள் முடித்துவிடலாம். புதுப்பிக்கும் பக்கத்துக்கு இதுவே பெரிய வாதம்.

புதிய ஃப்ளாட்டில் முதல் விற்பனை என்றால் முத்திரைத்தாள் குறையும்: 50 லட்சம் வரை 4%, 3 கோடி வரை 5%, பதிவுக் கட்டணம் அதே 2%. ஆனால் கட்டி முடியாத ஃப்ளாட்டுக்கு 5% ஜிஎஸ்டி சேரும். கட்டி முடித்து, நிறைவுச் சான்று வாங்கிய பிறகு விற்கும் ஃப்ளாட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது.

வீட்டை விற்ற லாபத்துக்கான வரிக்குப் பலர் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள். 2001-க்கு முன் வாங்கிய சொத்துக்கு 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை அசல் விலையாக எடுக்கலாம், அது அன்றைய கைட்லைன் மதிப்பை (பத்திரப் பதிவுக்கு அரசு வைத்த மதிப்பை) தாண்டக் கூடாது. அது 12 லட்சம் என்று கொள்வோம். புரோக்கர் செலவு 1.5 லட்சமும் கழித்தால் லாபம் 136.5 லட்சம். வீட்டை விற்ற லாபத்தில் வேறு வீடு வாங்கினால் அந்த அளவுக்கு வரி இல்லை என்பதுதான் பழைய 54-ஆம் பிரிவு என்று எல்லாரும் சொல்லும் சலுகை. அதில் புது வீட்டின் விலையோடு பத்திரச் செலவும் சேரும்: 130.8 லட்சம். மீதி 5.7 லட்சத்துக்குத்தான் 12.5% வரி, செஸ் சேர்த்து ஏறக்குறைய 74,000 ரூபாய். அதையும் 6 மாதத்துக்குள் மூலதன ஆதாயப் பத்திரத்தில் போட்டால் வரி இல்லை. அதற்கு உச்சவரம்பு 50 லட்சம், 5 ஆண்டு எடுக்க முடியாது. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய சொத்து என்றால், இந்தியாவில் வசிப்பவருக்குப் பணவீக்கத்தைச் சேர்த்துப் போடும் பழைய 20% கணக்கில் வரி குறைந்தால் அந்தக் குறைந்த வரியே போதும்; இந்த எடுத்துக்காட்டில் அப்படிப் போட்டால் வரியே வராது.

தவறு நடப்பது தேதிகளில். விற்பதற்கு ஓராண்டு முன்போ விற்ற இரண்டு ஆண்டுக்குள்ளோ வாங்க வேண்டும். கட்டுவதானால் மூன்று ஆண்டு. ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசி நாளுக்குள் வாங்கி முடிக்கவில்லை என்றால் பணத்தை மூலதன ஆதாயக் கணக்கில் போட வேண்டும். சாதாரண ஃபிக்சட் டெபாசிட்டில் போட்டுவிட்டால் சலுகை சிக்கலாகும். லாபம் 2 கோடிக்குள் என்றால் ஆயுளில் ஒருமுறை இரண்டு வீடாகவும் வாங்கலாம். வாங்கிய வீட்டை மூன்று ஆண்டுக்குள் விற்றால் சலுகை பறிபோகும்.

கணக்கில் வராத ஒன்று மண். ஒரு கிரவுண்ட் என்றால் 2,400 சதுர அடி. ஃப்ளாட்டில் உங்கள் பங்குக்கு வரும் யூடிஎஸ் (பிரிக்கப்படாத நிலப் பங்கு) 400–500 சதுர அடியாக இருக்கலாம். ஃப்ளாட்டின் கட்டடம் பழையதாகும்போது கையில் நிற்கும் மதிப்பு அந்த மண்தான்.

ஃப்ளாட், மூத்தோர் குடியிருப்பு, ஜாயின்ட் வென்ச்சர்

ஃப்ளாட் பார்க்கப் போகும்போது மாடல் ஃப்ளாட்டைவிட லிஃப்டை முதலில் பாருங்கள். எட்டுப் பேர் லிஃப்டின் உள்ளளவு ஏறக்குறைய 1.3 × 1.1 மீட்டர், படுத்த நிலையில் ஸ்ட்ரெச்சர் போகாது. பதின்மூன்று பேர் லிஃப்ட் என்றாலும் இரண்டு மீட்டர் ஆழம் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். லிஃப்டே இல்லாத மூன்று மாடிக் கட்டடத்தில் 'முதல் மாடிதானே' என்று வாங்குவது இந்த வயதில் வேண்டவே வேண்டாம். ஜெனரேட்டர் லிஃப்டுக்கும் உண்டா, வாசலிலிருந்து லிஃப்ட் வரை படி எத்தனை என்பதையும் பாருங்கள்.

கோயம்புத்தூரில் அதிகம் எழுந்திருக்கும் மூத்தோர் குடியிருப்புகள் இன்னொரு வழி. அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி, படுக்கையில் விழுந்தால் அங்கேயே பராமரிப்பார்களா, வேறு இடம் பார்க்கச் சொல்வார்களா என்பது. அடுத்து, பத்திரம் உங்கள் பெயருக்கு வருகிறதா, டெபாசிட் முறையா; மறுவிற்பனைக்கு வயது வரம்பு, மாற்றுக் கட்டணம் உண்டா. மாதக் கட்டணம் ஆண்டுக்கு 8% ஏறினால் 9 ஆண்டில் இருமடங்காகும். பென்ஷன் அந்த வேகத்தில் ஏறாது என்றால் 80 வயதில் நெருக்கடி. ஒருவர் மட்டும் மிஞ்சும் காலத்தையும் வைத்துக் கணக்கிடுங்கள்.

மனை நல்ல சாலையில் இருந்தால் பில்டரிடம் ஜாயின்ட் வென்ச்சர் கொடுப்பது, அதாவது மனையை நீங்கள் தர, அவர் தம் செலவில் கட்டி ஃப்ளாட்டுகளைப் பங்கிட்டுக்கொள்வது, கவர்ச்சியானது. சாதாரணமாக எஃப்எஸ்ஐ (மனைப் பரப்பில் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 2 என்பதால் ஒரு கிரவுண்டில் 4,800 சதுர அடி. பாதிப் பங்கு என்றால் 1,200 சதுர அடியில் இரண்டு ஃப்ளாட். தெரு மாறவில்லை, ஒன்றில் வாடகையும் வரும், சாலை மட்டச் சிக்கலும் தீரும். ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனை, அல்லது எட்டு வீட்டுக்கு மேற்படாத திட்டம் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு கட்டாயமில்லை. ஒரு கிரவுண்ட் வெறும் 223 சதுர மீட்டர். அதாவது வேலை பாதியில் நின்றால் ரெராவை நம்ப முடியாது, ஒப்பந்தம்தான் உங்களைக் காக்க வேண்டும். பில்டர் பங்குக்கான பவர் பத்திரத்தை முழுதாக முதல் நாளே கொடுக்காதீர்கள். தளம் போடப்போட, பகுதி பகுதியாக விடுவியுங்கள். வெளியே இருக்கும் காலத்து வாடகை, தாமதத்துக்கு மாத அபராதம், எந்த ஃப்ளாட் உங்களுடையது என்ற வரைபடம் மூன்றும் பதிவான ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

எந்த வழியானாலும், வீடு இன்னும் அப்பா பெயரிலேயே இருந்து அண்ணன் தம்பி, அக்கா தங்கைக்குப் பங்கு பிரியாமல் இருந்தால் ஒரு மூட்டை சிமென்ட்கூட இறக்காதீர்கள். விடுதலைப் பத்திரமோ பாகப்பிரிவினையோ பதிவாகி, பட்டா பெயர் மாறிய பிறகு தொடங்குங்கள்.

முடிவெடுக்க முடியாமல் தவிப்பவர்கள், போக நினைக்கும் பகுதியிலேயே 11 மாதம் வாடகைக்கு இருந்து பார்க்கலாம். அந்த நேரத்தில் சொந்த வீட்டின் கம்பி வேலையை முடித்துவிடலாம். அது எப்படியும் ஆள் இல்லாத வீட்டில் செய்ய வேண்டிய வேலை. தூசும் கொத்தும் சத்தமும் ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் வீட்டில் முடியாது.

புதுப்பிப்பது என்று முடிவானால் சோதனையை நவம்பரில், மழை பெய்யும்போதே தொடங்குங்கள்; கசிவு அப்போதுதான் இடம் காட்டும். ஜனவரியில் தளமும் மொட்டைமாடியும், மார்ச்சுக்குள் குளியலறை, குழாய், ஒயரிங், கடைசியாகப் பெயின்ட். மே மாதத்துக்குத் தள்ளினால் பல தெருக்களில் க்யூரிங்குக்குத் தண்ணீர் லாரிதான். கொத்தனார் கணக்கில் மொத்தத் தொகைக்கு மேல் 20% தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பூச்சை உரித்த பிறகுதான் உள்ளே எத்தனை கம்பி போயிருக்கிறது என்று தெரியும். பில்களைப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். புதிதாகச் சேர்த்த அறை, கட்டிய மாடி போன்றவற்றின் செலவு பின்னால் விற்கும்போது லாபத்திலிருந்து கழியும்; வெறும் பெயின்ட், பூச்சு வேலைக்குக் கழியாது.